மண்வழிக்கும் தார்ச்சாலைக்கும் ஒரே டயர்

ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்பது நம் பக்கத்துப் பழமொழி. ஒரு வழியிலும் துணிந்து நில்லாமல் தத்தளிப்பவனைக் குறித்து அவ்வாறு சொல்வார்கள். மோட்டார் சைக்கிளில் ஏறி மண்வழிகளையும் குன்றுப் பாதைகளையும் நாடிச் செல்கிற அன்பர்களுக்கோ இந்த நிலை தவிர்க்க முடியாதது. வீட்டு வாசலிலிருந்து பாதை தொடங்கும் இடம் வரையில் தார்ச்சாலை. அங்கிருந்து கல்லும் மணலும் சேறும். திரும்பும்போது மீண்டும் அதே தார்ச்சாலை. இவை எல்லாவற்றையும் ஒரே ஜோடி டயர்களைக் கொண்டே கடந்தாக வேண்டும். இரண்டுக்கும் ஏற்றவை என்று விற்கப்படும் டயர்களுள் நமக்குத் தக்கது எது, அதை எவ்வாறு அறிந்து தேர்ந்தெடுப்பது என்பதை இங்கே சற்று விரிவாக ஆராய்வோம்.

நாங்கள் தலைநகரில் மத்திய அரசாங்க அலுவலகங்களில் பணிபுரியும் தமிழர் நால்வர். வாரத்தில் ஐந்து நாட்கள் கோப்புகளோடும் மொழிபெயர்ப்புகளோடும் கழிகின்றன. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் ராமகிருஷ்ணபுரம் மலைக்கோயிலின் அடிவாரத்தில் கூடி, முருகனை வணங்கிவிட்டு, ஹரியானாப் பக்கத்து அரவல்லிக் குன்றுகளை நோக்கிப் புறப்படுவது சில ஆண்டுகளாக எங்கள் வழக்கம். இவ்வாறே புனேயில் வாழும் தமிழர் சஹ்யாத்ரிச் சாரலுக்கும், பெங்களூரில் வாழ்வோர் அவ்வூரைச் சுற்றியுள்ள பாறைக் குன்றுகளுக்கும், கொல்கத்தாவில் இருப்போர் புருலியாவின் செம்மண் மேடுகளுக்கும் செல்வதுண்டு. ஊர் வேறு, மண் வேறு ஆனாலும் டயரைப் பற்றிய கேள்வி எல்லோருக்கும் ஒன்றே. ஆகவே எங்கள் அநுபவம் பிறருக்கும் பயன்படக் கூடும் என்று கருதுகிறோம்.

முதலில் ஒரு சம்பவத்தைச் சொல்லிவிடுவது நலம். எங்களுள் மூத்தவர் திருநெல்வேலிக்காரர். ஆகையால் அவர் எங்கள் எல்லோருக்கும் அண்ணாச்சி. அவர் ஒரு கோடைகாலத்தில் தம் வண்டிக்குப் பெரிய பெரிய பட்டன்கள் கொண்ட டயர்களை வாங்கிப் பூட்டினார். டயரின் முகத்தில் எழும்பி நிற்கும் ரப்பர்க் கட்டிகளையே பட்டன் என்று குறிக்கிறோம். அந்த டயர்கள் பார்வைக்குக் கம்பீரமாக இருந்தன. உருளும் கற்களிலும் பள்ளத்துச் சேற்றிலும் அவர் வண்டி ஆடு ஏறுவதுபோல் ஏறிற்று. ஜூலை மாதத்தில் ஒரு ஞாயிறன்று நாங்கள் திரும்பி வருகையில் தூறல் பிடித்துக்கொண்டது. “அண்ணாச்சி, கொஞ்ச நேரம் ஒதுங்கி நிற்போமே” என்றார் எங்களில் இளையவர். “இன்னும் பத்துக் கிலோமீட்டர்தானே தம்பி, வீடு வந்த மாதிரிதான்” என்று அவர் முன்னே சென்றார். நாற்சந்தியில் விளக்குச் சிவந்தது. அண்ணாச்சி முன் பிரேக்கைப் பிடித்தார். சோப்பின்மேல் கால் வைத்தாற்போல் முன் சக்கரம் வழுக்கிற்று. காறை எலும்பு முறிந்தது. பின்னால் வந்த லாரிக்காரர் சமயத்தில் நிறுத்திவிட்டபடியால் உயிர் தப்பியது.

மூன்று மணி நேரம் கல்லிலும் சேற்றிலும் விழாதவர், நாள்தோறும் அலுவலகத்துக்குப் போய்வரும் தார்ச்சாலையில் விழுந்தார். இது எவ்வாறு நேர்ந்தது? இதற்கு விடை காண வேண்டுமானால், டயர் தரையைப் பற்றுவது எப்படி என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

எந்த நேரத்திலும் ஒரு டயரில் தரையைத் தொட்டுக்கொண்டிருக்கும் பகுதி ஏறக்குறைய நம் உள்ளங்கை அளவுதான். இரண்டு உள்ளங்கை அளவு ரப்பரின் மீதே வண்டியும் மனிதனும் நம்பி ஓடுகிறார்கள். தார்ச்சாலை கெட்டியானது, அதன் மேற்பரப்பில் கண்ணுக்குத் தோன்றாத சிறு மேடுபள்ளங்கள் நிறைந்திருக்கின்றன. நெகிழும் ரப்பர் அவற்றினுள் அழுந்திப் பொருந்துகிறது. அந்தப் பொருத்தமே பிடிப்பு. ஆகவே தார்ச்சாலையில் எவ்வளவு ரப்பர் தரையைத் தொடுகிறதோ அவ்வளவு நன்மை. பட்டன்கள் பெரியனவாயும் அவற்றின் இடைவெளி அகலமாயும் இருந்தால், உள்ளங்கை அளவிலும் ஒரு பகுதி வெற்றிடமாகிவிடுகிறது. அன்றியும் உயரமான பட்டன்கள் பிரேக் பிடிக்கும்போதும் வளைவில் சாயும்போதும் அடிவேர் அசைந்து ஆடுகின்றன. மழை தொடங்கிய முதற் சில நிமிஷங்களில், சாலையில் படிந்துள்ள எண்ணெயும் புழுதியும் நீரோடு கலந்து மெழுகிட்டதுபோல் பரவுகின்றன. அந்த வேளையில்தான் அண்ணாச்சி பிரேக் பிடித்தார்.

மண்ணில் நிலைமை முற்றிலும் வேறு. அங்கே இளகுவது ரப்பர் அன்று. நிலமே இளகிக் கொடுக்கிறது. ஆதலால் ரப்பர் மேற்பரப்பில் பொருந்துவதால் மட்டும் பயன் இல்லை. பட்டன் மண்ணுக்குள் இறங்கி, ஏர்க்கொழு நிலத்தை ஊன்றுவதுபோல் ஊன்றி, மண்ணைப் பின்னுக்குத் தள்ளி வண்டியை முன்னுக்கு நகர்த்த வேண்டும். சேற்றில் இன்னும் ஒரு வேலை உண்டு. பட்டன்களின் இடையே அடைத்துக்கொண்ட சேறு, சக்கரம் சுழலும் வேகத்தில் வெளியே தெறித்து விழ வேண்டும். இடைவெளி குறுகலாயின் சேறு அப்படியே ஒட்டிக்கொள்ளும். பிறகு அது டயர் அன்று, உருளும் சேற்றுப் பந்து. ஒரு மழைக்காலத்தில் யமுனைக் கரையின் களிமண்ணில், சாலை டயர் பூட்டிய வண்டியோடு நாங்கள் இறங்கி, பத்தடி தூரம் மீள்வதற்கு நால்வரும் ஒரு மணி நேரம் தள்ளினோம். சாலையில் நன்மையாகிய இடைவெளிக் குறைவே அங்கே தீமை ஆயிற்று.

ஆக, இரண்டு நிலங்களும் டயரிடம் நேர்மாறானவற்றைக் கேட்கின்றன. இருநோக்கு டயர் என்பது இந்த இரண்டு கட்சிகளுக்கும் இடையே செய்துகொண்ட ஒரு சமரசம். மொழிபெயர்ப்புத் தொழிலில் இருப்பவர்களுக்கு இது நன்றாக விளங்கும். இரண்டு பொருளையும் தாங்க வேண்டும் என்று நாம் பொறுக்கும் சொல், எந்தப் பக்கத்தில் எவ்வளவு விட்டுக்கொடுக்கிறது என்பதை அறிந்தே பொறுக்க வேண்டும். டயரும் அப்படியே.

இந்தச் சமரசத்தை விற்பனையாளர்கள் விகிதமாகச் சொல்வது வழக்கம். 90-க்கு 10 என்றால் சாலைக்குத் தொண்ணூறு பங்கும் மண்ணுக்குப் பத்துப் பங்கும் ஏற்றது என்று பொருள். 70-க்கு 30, 50-க்கு 50 என்றெல்லாம் கூறுவர். இதற்கு அப்பால், முழுக்க முழுக்க மண்ணுக்கே அமைந்து, சாலையில் ஓட்டவும் அநுமதி பெற்ற டயர்களும் உண்டு. ஆனால் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். இந்த விகிதம், செய்பவர் தம் சரக்கைப் பற்றித் தாமே கூறும் மதிப்பு. ஒருவருடைய ஐம்பது மற்றொருவருடைய எழுபதாக இருக்கலாம். ஆகையால் எண்ணைக் கேட்டுக்கொண்டு, டயரையும் கண்ணால் பார்க்க வேண்டும். நடுவரிசைப் பட்டன்கள் ஒன்றோடொன்று நெருங்கித் தொடர்ந்து, ஓரத்துப் பட்டன்கள் மட்டும் விலகி நின்றால் அது சாலையை ஒட்டியது. நடுவிலும் விரல் நுழையும் இடைவெளி இருந்தால் அது மண்ணை ஒட்டியது. பட்டன்களின் அடியில் ஒன்றையொன்று இணைக்கும் ரப்பர்ப் பாலங்கள் இருந்தால், சாலையில் அவை ஆடுவது குறையும்.

இனி, நமக்கு எந்த விகிதம் வேண்டும் என்று எவ்வாறு தீர்மானிப்பது? பெரும்பாலோர் ஆசையைக் கொண்டு தீர்மானிக்கிறார்கள். கணக்கைக் கொண்டு தீர்மானிப்பதே சரி. அண்ணாச்சி கட்டுப்போட்டுக்கொண்டு படுத்திருந்த நாட்களில் நாங்கள் ஒரு நோட்டுப் புத்தகத்தில் கணக்கெழுதத் தொடங்கினோம். ஒவ்வொரு ஞாயிறும் சாலையில் எத்தனை கிலோமீட்டர், மண்வழியில் எத்தனை என்று குறித்து வந்தோம். போக இருபத்தைந்து, வர இருபத்தைந்து ஆக ஐம்பது கிலோமீட்டர் தார்ச்சாலை. மண்வழியோ முப்பதைத் தாண்டியது அரிது. அதே வண்டியில் அலுவலகத்துக்குப் போய்வந்த தூரத்தையும் கூட்டினால், மண்ணின் பங்கு மேலும் சுருங்கிவிட்டது. நேரத்தில் மண்வழி பெரியது. தூரத்தில் சாலை பெரியது. மனம் நேரத்தை நினைவில் வைத்துக்கொள்ளும். டயரோ தூரத்தால் தேய்கிறது. நோட்டுப் புத்தகத்தைப் பார்க்கும் வரையில் நாங்கள் நால்வரும், நம் பிரயாணம் பெரும்பாலும் மண்ணில்தான் என்று நம்பிக்கொண்டிருந்தோம்.

சிலருக்கு உண்மையிலேயே சாலைப் பங்கு குறைவாக இருக்கலாம். பாதையின் அருகிலேயே வீடு அமைந்தவர், ஐந்தாறு கிலோமீட்டர் தாரில் ஓடினால் போதும் என்ற நிலையில் இருப்பவர், மண்ணை ஒட்டிய டயரை வாங்குவது நியாயமே. ஆனால் அவர்களும் ஒரு கணக்கை மறக்கலாகாது. வண்டியின் இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. மண்வழியில் மணிக்கு 15 கிலோமீட்டரில் செல்பவர், சாலையில் 60 கிலோமீட்டரில் செல்கிறார். வேகம் நான்கு மடங்கு. ஆற்றலோ பதினாறு மடங்கு. சேற்றில் விழுந்தால் சட்டையைத் துவைக்க வேண்டும். சில சமயம் முழங்காலுக்கு மருந்து போட வேண்டும். சாலையில் விழுந்தால் பின்னால் லாரி வருகிறது. சாலை குறுகிய தூரம் என்பதால் அதன் அபாயமும் குறுகியது என்று எண்ணுவது தவறு. ஆகவே எங்கள் முறை இதுதான்: நனைந்த சாலையில் திடீரென்று நிறுத்த நேரும் ஒரு கணத்துக்கு எது போதுமோ அதை முதலில் உறுதி செய்துகொள்வோம். அதற்குள் மண்ணுக்கு எவ்வளவு கிடைக்குமோ அவ்வளவையும் எடுத்துக்கொள்வோம்.

அடுத்தபடியாக எந்த மண் என்று பார்க்க வேண்டும். இந்தியா முழுவதுக்கும் ஒரே மண்வழி டயர் என்பது இல்லை. தக்கணத்துக் கரிசல் நம் கோவில்பட்டிக் கரிசலின் உறவினன். காய்ந்தால் சிமிட்டித் தரைபோல் இருக்கும். நனைந்தால் உப்பி, பசைபோல் ஒட்டி, சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவே அடைத்து வண்டியையே நிறுத்திவிடும். அதற்கு டயரைக் காட்டிலும் பொறுமையே மருந்து. ஓரிரு நாள் வெயில் காய்ந்த பின் போவது நலம். கொங்கணத்திலும் மலையாளக் கரையிலும் உள்ள செம்பூரான் மண்ணில், கோடையில் சிறு கற்கள் குண்டுமணிபோல் உருளும். மழையில் பாசி படியும். அங்கே மிதமான உயரமும் நெருக்கமும் உள்ள பட்டன்கள் போதும். மேற்கு ராஜஸ்தானத்து மணலில் உயரமான பட்டனும் குறைந்த காற்றும் உதவும். அரவல்லியிலும் இமாலயத்திலும் கூரிய பாறைகள் அதிகம். அங்கே மிக உயரமான பட்டன்கள் ஓரம் பிய்ந்துபோகும். டயரின் பக்கச் சுவர் தடிப்பாயிருப்பதே முக்கியம். அஸ்ஸாம், வங்காளப் பகுதிகளின் மழைக்காலக் களிமண்ணுக்கு இடைவெளி அகன்ற டயரே தகும்.

இத்துடன் ஒரு வேண்டுகோள். பட்டன் டயர் மண்ணைக் கிளறுவது. ஈர வரப்பிலும் விதைத்த வயலோரத்திலும் அது செல்லும் தடம் உழவனுக்கு நஷ்டம். காப்புக்காடுகளும் ஊரார் போற்றும் கோயிற்காடுகளும் நம் விளையாட்டுக்கு உரிய இடங்கள் அல்ல. நாம் அயல் மாநிலத்தில் வாழ்கிறவர்கள். அந்த ஊர்க்காரர் மறுமுறையும் நம்மைப் புன்னகையோடு வரவேற்குமாறு நடந்துகொள்வது நம் கடமை.

கடைக்குச் சென்றதும் டயரின் பக்கத்தில் அச்சிட்டிருப்பதைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். 90/90-21 54எஸ் என்று எழுதியிருப்பதாக வைத்துக்கொள்வோம். முதல் 90 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். இரண்டாவது 90 என்பது உயரம், அகலத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு. அதாவது 81 மில்லிமீட்டர். 21 என்பது ரிம்மின் குறுக்களவு, அங்குலத்தில். 54 என்பது பளுக் குறியீடு. அந்த டயர் தாங்கக் கூடிய அதிகப் பளு 212 கிலோ என்று அதற்குப் பொருள். எஸ் என்ற எழுத்து மணிக்கு 180 கிலோமீட்டர் வரை தாங்கும் என்பதைக் காட்டும் வேகக் குறியீடு. நம் நாட்டில் 2016-ஆம் ஆண்டில் வெளிவந்த ஹிமாலயன் வண்டியும், 2019-இல் வெளிவந்த எக்ஸ்பல்ஸ் 200 வண்டியும் முன்புறம் இந்த 90/90-21 அளவையே கொண்டவை. பெரிய சக்கரம் கற்களின்மேல் எளிதாக ஏறி இறங்கும் என்பதே இதன் காரணம். பின்புறம் முன்னதற்கு 17 அங்குலம், பின்னதற்கு 18 அங்குலம். வண்டியைச் செய்தவர் விதித்த அளவை மாற்றாமலும், பளு, வேகக் குறியீடுகள் விதித்ததற்குக் குறையாமலும் வாங்குவதே முறை.

மற்றும் நான்கு அடையாளங்களைக் கவனிக்க வேண்டும். ஒன்று, ஐ.எஸ்.ஐ. முத்திரை. இரண்டாவது, சுழலும் திசையைக் காட்டும் அம்புக்குறி. அதைத் தலைகீழாகப் பூட்டிவிடுவதும் உண்டு. மூன்றாவது, டியூப் உள்ளதா இல்லாததா என்ற குறிப்பு. நான்காவது, செய்த காலத்தைக் காட்டும் நான்கு இலக்கங்கள். 2324 என்றிருந்தால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் என்று அறிக. ஒரு கடையில் எங்களுக்குத் தள்ளுபடி விலையில் ஒரு டயர் கிடைத்தது. மகிழ்ச்சியோடு வாங்கி வந்து வீட்டில் பார்த்தபோதுதான் அது ஐந்து வயது நிரம்பியது என்று தெரிந்தது. ரப்பர் ஓடாமல் இருந்தாலும் முதிர்ந்து இறுகும். இறுகிய ரப்பர் நனைந்த சாலையைப் பற்றாது. இலக்கங்களைக் கடையிலேயே படித்திருந்தால் அந்தப் பணம் மிஞ்சியிருக்கும்.

முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் வேலை ஒன்றன்று. பின் சக்கரம் தள்ளுகிறது. முன் சக்கரம் வழிகாட்டுகிறது, பிரேக்கின் பெரும் பங்கையும் தாங்குகிறது. பின் சக்கரம் சிறிது வழுக்கினால் பெரும்பாலும் சமாளித்துக்கொள்ளலாம். முன் சக்கரம் வழுக்கினால் சமாளிக்க நேரம் கிடைப்பதில்லை. ஆகையால் கையில் உள்ள பணத்தில் நல்ல டயரை முன்புறத்துக்கே கொடுக்க வேண்டும். பின் டயர் விரைவில் தேயும். இரண்டு பின் டயர் மாற்றும் காலத்துக்கு ஒரு முன் டயர் வருவது பொதுவான அநுபவம். முன்புறம் தேயவில்லை என்பதற்காகப் பல ஆண்டுகள் விட்டுவைப்பதும் பிழை. முன்னும் பின்னும் ஒரே இனத்தைச் சேர்ந்த டயர்களாக இருந்தால் வண்டியின் போக்கு நமக்கு முன்கூட்டியே புரியும். சிக்கனத்துக்காகப் பின்புறத்தை ஒரு படி சாலைப் பக்கமாக வைத்துக்கொள்வதில் தவறில்லை. ஒரு புறம் மொட்டை டயரும் மறுபுறம் பெரும் பட்டனும் என்ற சேர்க்கை மட்டும் ஆகாது.

எந்த டயரை வாங்கினாலும் அதன் பாதிக் குணம் காற்றில் இருக்கிறது. முன்புறம் 25, பின்புறம் 32 பவுண்டு என்று கையேடு கூறும் வண்டியானால், சாலையில் அதைக் குறைக்கலாகாது. மண்வழி தொடங்கும் இடத்தில் ஐந்தாறு பவுண்டு இறக்கினால் டயர் நெகிழ்ந்து, தொடும் பரப்பு விரிந்து, பிடிப்புக் கூடும். அதற்கு மேல் இறக்கினால் பாறையில் மோதும்போது ரிம் நசுங்கும். டியூப் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே அகப்பட்டுக் கிழியும். முக்கியமானது மறுபடியும் ஏற்றுவது. காற்றுக் குறைந்த பட்டன் டயர் கோடைகாலத்துத் தாரில் வேகமாக ஓடினால் சூடேறிப் பட்டன்கள் பிய்ந்து விழும். அளவுமானியும் கைப்பம்பும் இல்லாமல் இருநோக்கு டயர் வைத்திருப்பது, நூல் இல்லாமல் ஊசி வைத்திருப்பதுபோல.

இமாலயத்துக்குப் போகிறவர்களுக்கு ஒரு செய்தி. 2020-ஆம் ஆண்டு அக்டோபரில் ரோதங் கணவாயின் அடியில் அடல் சுரங்கப்பாதை திறக்கப்பட்ட பிறகு லாஹௌல் பள்ளத்தாக்கை அடைவது எளிதாகிவிட்டது. அங்கிருந்து ஸ்பிதிக்குச் செல்லும் வழியில் உள்ள குன்ஜும் கணவாய் ஏறக்குறைய 4,550 மீட்டர் உயரம். அவ்வளவு உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால், சமவெளியில் நிரப்பிய டயரை அளந்தால் ஆறு பவுண்டு வரை கூடுதலாகக் காட்டக் கூடும். மறுபுறம், வெப்பம் பத்து டிகிரி குறையும்போதெல்லாம் ஏறக்குறைய ஒன்றரை பவுண்டு குறையும். மலையின் குளிரும் உயரமும் ஒன்றையொன்று பெரும்பாலும் ஈடுசெய்துவிடுகின்றன. எனவே பழக்கத்தால் காற்றை இறக்கிவிடாமல், விடியற்காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது அளந்து பார்த்துத் தீர்மானிக்க வேண்டும்.

டில்லியைச் சுற்றியுள்ள வழிகளில் எங்களுக்கு மற்றொரு எதிரி முள். ஆங்கிலேயர் காலத்தில் இங்கே பரப்பப்பட்ட மரத்தை இவ்வூரார் விலாயதி கீகர் என்பார்கள். முதல் முறை பார்த்தபோதே எங்களுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. நம் ஊர் ஏரிக்கரைகளை ஆக்கிரமித்த சீமைக் கருவேலந்தான் அது. டியூப் இல்லாத டயரில் முள் குத்தினால் காற்று மெல்ல இறங்கும். அந்த இடத்திலேயே அடைத்துவிடலாம். கம்பிச் சக்கரங்கள் பலவற்றில் டியூப் இருந்தே தீரும். ஆகவே டயர் லிவர்கள் இரண்டு, ஒட்டுப்போடும் சாமான்கள், ஒரு முன் சக்கர டியூப் ஆகியவற்றை உடன்கொண்டு செல்கிறோம். ஆபத்துக்கு 21 அங்குல டியூபைப் பின் சக்கரத்தில் மடித்துப் போட்டு மெதுவாக வீடு சேரலாம். சிறிய டியூபைப் பெரிய சக்கரத்துக்கு இழுத்துப் பொருத்துவது சரிவராது.

புதிய டயர் பூட்டிய முதல் நூறு நூற்றைம்பது கிலோமீட்டர் வரையில் அதன் மேற்பரப்பு வழவழப்பாக இருக்கும். அது வரையில் நிதானம் தேவை. பட்டன்களின் நடுவே தேய்மானத்தைக் காட்டும் சிறு மேடுகள் உள்ளன. பள்ளம் அந்த மேட்டின் மட்டத்துக்கு வந்துவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது. நம் நாட்டுச் சட்டப்படி இருசக்கர வண்டிக்கு 0.8 மில்லிமீட்டர் ஆழமாவது இருக்க வேண்டும். மண்வழிக்கு அதற்கு வெகு முன்பே பட்டன் பயனற்றுப் போகும். மண்ணை ஒட்டிய பின் டயர்கள் தாரில் ஓடினால் சில ஆயிரம் கிலோமீட்டரிலேயே தேய்ந்துவிடும். மாதச் சம்பளக்காரர்களான நாம் வாங்கும் விலையை மட்டும் பாராமல், கிலோமீட்டருக்கு என்ன விழுகிறது என்றும் பார்ப்பது தகும்.

ஒரு சிறு மகிழ்ச்சியையும் இங்கே சொல்லலாம். கரோல் பாக் கடைத்தெருவில் டயர் பொறுக்க நிற்கும்போது, நம் ஊர்ப் பக்கத்துச் சரக்கு கண்ணில் படாமல் போகாது. இன்று நாடெங்கும் பெயர் பெற்ற எம்.ஆர்.எப். நிறுவனம், 1946-இல் சென்னைத் திருவொற்றியூரில் விளையாட்டுப் பலூன் செய்யத் தொடங்கியது. மதுரைக்கு அருகே வெள்ளரிப்பட்டியிலும் இருசக்கர வண்டி டயர்கள் உருவாகின்றன. கன்னியாகுமரி மாவட்டத்துத் தோட்டங்களில் ரப்பர்ப் பால் வடிக்கிறார்கள். அதற்காக ஊர்ப் பெயரைப் பார்த்து டயர் வாங்க வேண்டும் என்று சொல்லவில்லை. எந்த நிறுவனத்தின் டயராயினும், மேலே கூறிய அடையாளங்களைப் பார்த்து, தம் கணக்கு நோட்டோடு ஒப்பிட்டு வாங்குவதே அறிவுடைமை.

அண்ணாச்சியின் எலும்பு ஆறு வாரங்களில் கூடிற்று. எலும்பு கூடிய பிறகும் பல மாதங்கள் வண்டியின் பக்கம் அவர் வரவில்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மலைக்கோயில் அடிவாரத்தில் எங்களுக்கு முன்பே வந்து நின்றார். பெரும் பட்டன் டயர்கள் போய்விட்டன. நடுப்பட்டன்கள் நெருங்கிய, ஓரங்கள் விலகிய ஒரு ஜோடி வந்திருந்தது. குன்றின் செங்குத்தான இடத்தில் முன்போல் அவரால் ஏற முடியவில்லை, இறங்கித் தள்ளினார். நாங்களும் கை கொடுத்தோம். “சாலைக்காக இங்கே கொஞ்சம் தள்ளத்தான் வேண்டும் தம்பி” என்றார். திரும்புகையில் தூறல் விழுந்தது. யாரும் சொல்லாமலே அவர் மேம்பாலத்தின் அடியில் வண்டியை ஒதுக்கி நிறுத்தினார். அங்கே தேநீர் விற்பவரிடம் நான்கு கோப்பை வாங்கிக் குடித்து, மழை ஓய்ந்த பின் வீடு சேர்ந்தோம்.